அம்மாவின் மலச்சிக்கல்: முதலில் மாத்திரையைப் பாருங்கள்

64 வயது அம்மாவுக்கு, ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய பிறகு மலச்சிக்கல் வந்துவிட்டது, "எனக்கு மட்டும் ஏன்" என்று புலம்புகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு மட்டுமில்லை. வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு மலச்சிக்கல் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. வயது ஏற ஏற இன்னும் கூடும். வெளியே சொல்லக் கூச்சம், அவ்வளவுதான்.

எனக்கு முதல் சந்தேகம் அந்த மாத்திரைமேல்தான். கூடவே கால்சியம், சில பிரஷர் மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்து ஏதாவது எடுக்கிறாரா? தைராய்டு குறைவு, சர்க்கரை, நடமாட்டம் குறைவது, வெளியூரில் கழிப்பறைக்குப் போகாமல் அடக்குவது எல்லாமே சேர்ந்துகொள்ளும். இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலத்தை இளக்கும் நார்ச்சத்து உமியான இசப்கோல் தந்தால் தண்ணீர் தாராளமாக வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் இறுகிவிடும்.

அப்புறம் ஒன்று. ரத்தசோகை ஏன் வந்தது என்று யாராவது பார்த்தார்களா? இந்த வயதில் ரத்தசோகையும் புதிதாக மலச்சிக்கலும் சேர்ந்து இருந்தால் குடலைப் பரிசோதிக்கச் சொல்வார்கள். இரும்புச்சத்தால் மலம் கறுப்பாவது சகஜம். தார்போல ஒட்டினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, எடை குறைந்தாலோ தள்ளிப்போடாமல் உடனே கூட்டிப்போங்கள்.