பாதி விலைக்கு ஒரு எம்.ஜி. மிட்ஜெட்: வாங்கலாமா?

கிளிநொச்சி தருமபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வவுனியாவில் ஒரு தரகர் 1969 ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் ஒன்றைக் காட்டியிருக்கிறாராம். சிவப்பு நிறம், இரண்டு சீற், ஹூட்டை மடித்தால் திறந்த கார். “1275 சி.சி. எஞ்சின், ஓடுது, ஓப்பின் பேப்பர், அதுதான் பாதி விலை” என்கிறார் தரகர். காசு அனுப்பக் கனடாவில் இருக்கும் அண்ணா தயார். வாங்கலாமா?

தம்பி, கார் நல்லதா என்று பார்க்க முதல், அது யாருடைய கார் என்று பாருங்கள். ‘ஓப்பின் பேப்பர்’ என்றால், பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் எப்போதோ உரிமை மாற்றப் படிவத்தில் திகதி போடாமல் கையெழுத்து வைத்துக் கொடுத்தது. அது நாலைந்து கை மாறி வந்திருக்கும். இடையில் வாங்கிய ஒருவர் பெயரும் புத்தகத்தில் இல்லை. கை மாறினால் 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். தரகருக்கு அது தெரியாமல் இல்லை. விலை பாதியானது உங்களில் உள்ள இரக்கத்தால் அல்ல. மிச்சப் பாதியை நீங்கள் அலைந்து கட்டுவீர்கள். பெயர் உள்ளவர் அடையாள அட்டையோடு உங்கள் முன்னால் வந்து கையெழுத்து வைக்காவிட்டால் இந்தக் காரை விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய கார் என்றாலே பெயர் உள்ளவர் இறந்திருப்பார், பிள்ளைகள் லண்டனிலும் கனடாவிலும் இருப்பார்கள். அப்படியான கார் எல்லாம் கள்ளக் கார் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை “அப்பான்ர கார், நான் தாறன்” என்றால் போதாது. மரணச் சான்றிதழ் வேண்டும், உரித்தாளர் எல்லோருடைய சம்மதமும் வேண்டும், கார் முதலில் அவர்களில் ஒருவர் பெயருக்கு மாற வேண்டும். அதற்குப் பிறகுதான் நீங்கள் காசைத் தொட வேண்டும். தரகர் அற்றோர்னிப் பத்திரம் (உரியவருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம்) ஒன்றை நீட்டினால், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் இறந்த அன்றே அந்த அதிகாரமும் முடிந்துவிட்டது. இறந்தவர் கொடுத்த அற்றோர்னியை வைத்துக் கார் விற்றதை நானே கண்டிருக்கிறேன். வாங்கிய பெடியன் காசையும் இழந்தான், காரையும் இழந்தான்.

இதையெல்லாம் சரிபார்க்க வன்னியில் இருப்பவன் இரவு பஸ் ஏறி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் கொழும்பில் உள்ள திணைக்களத்துக்குப் போய், விடிய வரிசையில் நின்று, “பைலைத் தேட வேணும், பிறகு வாங்கோ” என்று கேட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. இலக்கத் தகட்டில் ‘ஸ்ரீ’ எழுத்துள்ள ஒரு பழைய காரின் கோப்பைப் பார்க்க இரண்டு நாள் கூலியை ஏன் இழக்க வேண்டும்? தரகர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். அதற்காகச் சரிபார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

சரி, பேப்பர் சுத்தம் என்று வைப்போம். அப்புறம் கறள். மிட்ஜெட்டுக்கு லொறியைப்போலத் தனிச் சசி (அடிச்சட்டம்) கிடையாது. உடம்புதான் எலும்பும். கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னுக்கு ஓடும் பெட்டி போன்ற பகுதியும், சீற்றுக்குப் பின்னால் வில்லுத்தகடு பூட்டியிருக்கும் இடமும் உக்கினால் கார் நடுவில் தொய்யும். பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவுக்குக் கீழே மெதுவாக இழுத்துக்கொண்டு வாருங்கள். பிடித்துக்கொண்டு வந்த காந்தம் ஓரிடத்தில் கழன்று விழுந்தால், அங்கே தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான். பிறகு காரை ஒரு பக்கம் ஜக் அடித்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். இறுகினால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். புதுப் பெயின்றைக் கண்டு மயங்க வேண்டாம். முல்லைத்தீவுக் கடற்காற்றுப் பட்ட கார் என்றால் இன்னும் கவனம்.

எஞ்சின் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். அந்த வருட மிட்ஜெட்டில் இருப்பது மொறிஸ் மைனர் எஞ்சினின் பெரிய உருவம்தான். மைனர் தெரிந்த மெக்கானிக் பாஸ் எவரும் கை வைப்பார். ஆனால் அதனாலேயே மைனர் எஞ்சினைத் தூக்கி உள்ளே போட்டிருக்கவும் கூடும். எஞ்சின் புளொக்கில் உள்ள சிறு தகட்டைப் பாருங்கள். இலக்கம் 12 என்று தொடங்கினால் 1275, 10 என்றால் 1098, 9 என்றால் 948. அந்த இலக்கமும் புத்தகத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது கார் இங்கே ஓடியதா என்றும் விசாரியுங்கள். நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து எஞ்சினை உள்ளே தின்றுவிடும். நீங்கள் போகும்போது பொனற் சூடாக இருந்தால், ஆறும்வரை இருந்து பிறகு ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். ஓடும்போதே ஒயில் மூடியைக் கழற்றி வாயருகே உள்ளங்கையைப் பிடியுங்கள். புகை முட்டித் தள்ளினால் பிஸ்ரன் றிங் தேய்ந்துவிட்டது. எஞ்சின் வேலைக் காசை விலையில் கழியுங்கள்.

தருமபுரத்துக் கிறவல் ரோட்டில் தினமும் ஓட இது சரிவராது, அடிப்பாகம் நிலத்திலிருந்து ஒரு சாண்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏ-9 வீதியில் ஓட என்றால் நல்ல கார். முதலில் புத்தகத்தின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். “நாளைக்கு வேற ஆள் அட்வான்ஸோட வருது” என்று தரகர் சொன்னால், அந்த ஆளுக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.