பழிவாங்கலும் கணக்கு நோட்டும்

அன்புள்ள ஐயா,

டிரம்ப் குடும்ப நிறுவனத்தின் வரி மோசடி வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைக் கடையில் வைத்துப் படித்தோம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சிறிய ரெடிமேட் கடை நடத்துகிறேன். கூட இருந்தவர்களில் ஒருவர், "எதிராளியை மடக்கப் போட்ட கேஸ்" என்றார். இன்னொருவர், "எந்த முதலாளி ஒழுங்காக வரி கட்டுகிறான், இவனை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்?" என்றார். மூன்றாமவர், "மேனேஜர் உள்ளே, ஓனர் வெளியே, இதெல்லாம் ஒரு கேஸா?" என்று கேட்டார். மோசடி நடந்ததா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் ரெய்டு வரும்போதும் இதே பேச்சுதான். ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிகளுக்கான கம்போசிஷன் திட்டத்தில் இருந்துகொண்டு விற்றுமுதலில் ஒரு சதவீதத்தைக் கைக்காசிலிருந்து கட்டும் நான்தான் இளிச்சவாயனோ என்று தோன்றுகிறது. மக்களுக்கு ஏன் கோபமே வருவதில்லை?

வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடையில் பேசிய மூவரிடமும் ஆளுக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக வழக்கை மட்டும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2021 ஜூலை 1 அன்று நியூயார்க்கில், டிரம்ப் ஆர்கனைசேஷன் மீதும் அதன் தலைமை நிதி அதிகாரி ஆலன் வைசல்பெர்க் மீதும் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் குற்றம் சாட்டியது. வைசல்பெர்க்கின் ஊதியத்தில் ஒரு பகுதியை அடுக்குமாடி வீட்டின் வாடகையாகவும், மெர்சிடஸ் கார்களாகவும், பேரப்பிள்ளைகளின் தனியார் பள்ளிக் கட்டணமாகவும் கொடுத்துவிட்டு, சுமார் 17.6 லட்சம் டாலரை வரிக் கணக்கில் காட்டாமல் விட்டார்கள் என்பதே குற்றச்சாட்டின் மையம். 2022 ஆகஸ்டில் வைசல்பெர்க் குற்றங்களை ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று குழுமத்தின் இரண்டு நிறுவனங்களும் 17 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளிகள் என்று ஜூரி தீர்ப்பளித்தது. டொனால்ட் டிரம்ப் மீது அந்த வழக்கில் குற்றச்சாட்டு இல்லை.

குற்றப்பத்திரிகையில் என் கண் நின்ற இடம் ஒன்று உண்டு. வரித்துறைக்குக் காட்டாத அந்த வாடகையும் மற்றச் செலவுகளும் நிறுவனத்தின் உள்கணக்கில் அவருடைய ஊதியத்தின் பகுதியாக ஒழுங்காகக் குறித்துவைக்கப்பட்டிருந்தன. எம்.சி. ரோட்டில் கடை வைத்திருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆடிட்டருக்கு ஒரு நோட்டு, கல்லாவுக்கு ஒரு நோட்டு என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மறதியால் விட்டுப்போனது, ஆடிட்டர் சொன்னது புரியவில்லை என்று சமாதானம் சொல்ல இரண்டாம் நம்பர் நோட்டு இடம் கொடுப்பதில்லை.

முதல் நண்பரின் சந்தேகத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். நியூயார்க்கில் மாவட்ட அரசு வழக்கறிஞரும் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலும் கட்சியின் பெயரால் தேர்தலில் நின்று பதவிக்கு வருகிறவர்கள். இந்த விசாரணையில் சேர்ந்துகொண்ட அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ், 2018ஆம் ஆண்டுப் பிரசாரத்திலேயே டிரம்பை விசாரிப்பேன் என்று சொல்லி வாக்குக் கேட்டவர். ஆகவே, 'ஏன் இவரைப் பிடித்தார்கள்' என்ற கேள்விக்கு அரசியல் ஒரு விடையாக இருக்கலாம். 'இவர்கள் செய்தார்களா' என்ற கேள்விக்கு உள்கணக்கைத்தான் பார்க்க வேண்டும். எதிராளி தோண்டினான் என்பதற்காகக் குழியில் கிடைத்த பொருள் இல்லையென்று ஆகிவிடாது. டிரம்பின் ஆதரவாளர்கள் முதல் கேள்வியோடு நின்றுகொண்டார்கள், எதிர்ப்பாளர்கள் இரண்டாவதை மட்டும் கேட்டார்கள். 2024 நவம்பரில் அவர் மீண்டும் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இரண்டாம் நண்பரிடம்தான் எனக்குச் சற்று வருத்தம். எண்ணூரில் லாரி ஆலையிலோ மணலியில் சுத்திகரிப்பு ஆலையிலோ வேலை பார்க்கும் ஒருவர் கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்தால், அந்த வீட்டுச் சலுகைக்கு ஒரு மதிப்புப் போட்டு, அதைச் சம்பளத்தோடு கூட்டி, பணம் கைக்கு வருமுன்பே வரியை, அதாவது டிடிஎஸ், பிடித்துவிடுகிறார்கள். பிடித்த வரிக்குக் கம்பெனி கொடுத்த சான்றிதழான ஃபாரம் 16ஐ அவரிடம் வாங்கிப் பாருங்கள், 'பெர்க்விசிட்ஸ்' என்ற இடத்தில் அந்தத் தொகை இருக்கும். மன்ஹாட்டன் நிதி அதிகாரி மறைத்ததும் இதே இனம்தான். எல்லோரும் ஏய்க்கிறார்கள் என்று சொல்லும்போது, ஏய்க்க வழியே இல்லாத இந்த மனிதரை உங்கள் நண்பர் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறார். வடசென்னையில் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இதற்கும் கீழே இருப்பவர்களின் கதை இன்னும் மோசம்: கூலி வேலை செய்கிறவரின் ஆதாரையும் பான் எண்ணையும் யாரோ வாங்கிப் போலி நிறுவனம் பதிவுசெய்து ஜிஎஸ்டி மோசடி நடத்த, கோடிக்கணக்கில் நோட்டீஸ் அந்தக் கூலிக்காரரின் வாசலுக்கு வந்ததாகத் தமிழகத்தில் எத்தனை செய்திகள் படித்திருக்கிறோம்!

கோபம் ஏன் வருவதில்லை என்று கேட்கிறீர்கள். நம் மக்களுக்குச் சொரணை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர்கள் வழக்குகளின் முடிவுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். ஜெயலலிதாவும் சசிகலாவும் பங்குதாரர்களாக இருந்த சசி எண்டர்பிரைசஸ், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று வழக்கு நடந்தது. அது மோசடிக் குற்றச்சாட்டு அல்ல, தாக்கல் செய்யாத குற்றச்சாட்டு மட்டுமே. எழும்பூர் பொருளாதாரக் குற்ற நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய், நான்கு மாதங்களில் விசாரணையை முடிக்க வேண்டும் என்ற உத்தரவு 2014 ஜனவரியில்தான் வந்தது. அதன் பிறகும் வாய்தாக்கள் தொடர்ந்து, கடைசியில் துறைக்குச் சமரசக் கட்டணம் செலுத்தி வழக்கு முடிந்தது. சட்டம் அனுமதிக்கும் வழிதான் அது. ஆனால் ரெய்டு நாளில் வாசலில் நிற்கும் கேமராக்கள் இத்தகைய முடிவு நாளில் இருப்பதில்லை. இருபது ஆண்டுகள் இப்படிப் பார்த்துவிட்ட ஒருவர், அடுத்த ரெய்டுச் செய்தி வந்ததும் "எலெக்ஷன் வருதா?" என்று கேட்பதில் வியப்பு என்ன?

உங்களைப் பற்றிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். கம்போசிஷன் வியாபாரி வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்க முடியாது என்பதால், உங்கள் ஒரு சதவீதம் உங்கள் லாபத்திலிருந்தே போகிறது. பக்கத்துக் கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதி விற்றால் அவர் விலையில் உங்களை வெல்லலாம். இந்த நஷ்டம் உண்மையானது. இதை எந்த உபதேசமும் ஈடுசெய்யாது, நானும் உபதேசம் செய்யப்போவதில்லை. ஆனால் அந்த நஷ்டத்தை உங்களுக்கு உண்டாக்குகிறவர் துண்டுச் சீட்டுக்காரர் என்பதால், அவர் மீது வழக்கு வரும்போது "எல்லோரும்தான் செய்கிறார்கள்" என்று தலையாட்ட வேண்டிய ஆள் நிச்சயமாக நீங்கள் இல்லை.

மூவரில் வழக்கின் உள்ளே கை வைத்தவர் மூன்றாமவர்தான். வைசல்பெர்க் நிறுவனத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போதே அதே நிறுவனத்தில் சம்பளத்துடன் கூடிய விடுப்பில் இருந்தார். 2023 ஜனவரியில் அவருக்குக் கிடைத்தது ஐந்து மாதச் சிறை. நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 16 லட்சம் டாலர். சொத்து பல நூறு கோடி டாலர் என்று உரிமையாளரே பெருமை பேசும் குழுமத்துக்கு இது பெட்டிக்கடைச் செலவு. ஆனால் அந்தக் குற்றங்களுக்கு நியூயார்க் சட்டம் அனுமதித்த உச்சவரம்பே அவ்வளவுதான், நீதிபதி நினைத்திருந்தாலும் கூட்டியிருக்க முடியாது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் அதற்கும் "இதெல்லாம் ஒரு கேஸா?" என்றுதான் கேட்பார் என்று நினைக்கிறேன், அந்த இடத்தில் அவரோடு வாதாட என்னிடம் எதுவுமில்லை.