லூப்பேக் டெஸ்டில் ஒரு பைட்டும் தொலையவில்லை, சைட்டில் தொலைகிறது. இன்டரப்டில் ஓடும் யுஏஆர்டியை எப்படிச் சோதிப்பது?

கேட்டவர் தந்த விவரம் இது: எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, மேலே ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறிய ஆபரேட்டிங் சிஸ்டம், யுஏஆர்டி எனப்படும் சீரியல் போர்ட்டில் நொடிக்கு 115200 பிட் வேகம், பைட் வந்ததும் சிபியுவின் நடப்பு வேலையை இடைமறிக்கும் ரிசீவ் இன்டரப்ட். அனுப்பும் டிஎக்ஸ் வயரையும் வாங்கும் ஆர்எக்ஸ் வயரையும் ஜம்பர் போட்டு இணைத்து (இதுதான் லூப்பேக்) இரவு முழுக்க ஓட்டியும் பிழை இல்லை. வாடிக்கையாளர் இடத்தில் மட்டும் எப்போதாவது ஒரு பாக்கெட்டில் சிஆர்சி, அதாவது டேட்டா சரியா என்று பார்க்கும் சோதனை எண், தவறுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மீட்டர், மோட்டார் கன்ட்ரோலர் போன்றவற்றுக்கு ஃபர்ம்வேர் எழுதுவது என் தொழில். இந்தப் புகார் எங்களுக்குப் பழக்கமானது. லூப்பேக்கை நம்பவே கூடாது என்பேன். வயரிங்கும் ரெஜிஸ்டர் அமைப்பும் சரியா என்று பார்க்க அது போதும், அதற்கு மேல் எதையும் காட்டாது. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே கிளாக்கில் நடப்பதால் பாட் ரேட் (பிட் வேகம்) 5 சதவீதம் தப்பியிருந்தாலும் தெரியாது. இன்னொன்று இதைவிட முக்கியம். சிபியு வேறு வேலையில் மாட்டிக்கொண்டால் அனுப்புவதும் சேர்ந்தே நின்றுவிடும். ஆக, போர்டு திணறுகிற அந்த நொடியில் பைட் வரவே வராது. சைட்டில் எதிர்முனை உங்களுக்காகக் காத்திருக்காது.

கணக்கைப் பாருங்கள். ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். 115200 வேகத்தில் 87 மைக்ரோ செகண்டுக்கு ஒரு பைட். எஸ்டிஎம்32எஃப்1, எஃப்4 சிப்களின் யுஏஆர்டியில் ஃபிஃபோ, அதாவது வந்த பைட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடம், கிடையாது. வந்த பைட் டேட்டா ரெஜிஸ்டரில் இருக்கும்போதே அடுத்தது முழுதாக வந்துவிட்டால் ஓவர்ரன், புதியது தொலைந்தது. பழைய பிசிகளின் 16550 சிப்பில்கூட 16 பைட் ஃபிஃபோ இருந்தது. உங்களுக்கு இருப்பது அந்த 87 மைக்ரோ செகண்ட் மட்டும். எனவே கேள்வியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: என் போர்டில் ரிசீவ் இன்டரப்ட் அதிகபட்சம் எவ்வளவு நேரம் காக்க வைக்கப்படுகிறது? அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் இந்தச் சோதனையின் வேலை.

புரோகிராம் கோடைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அளக்கத்தான் வேண்டும். ஐஎஸ்ஆர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) தொடங்கும்போது சிப்பின் ஒரு அவுட்புட் பின்னை உயர்த்துங்கள், முடியும்போது இறக்குங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும் 8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசரே (வயர்களின் ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு பதியும் கருவி) இதற்குப் போதும். ஒரு சேனல் ஆர்எக்ஸில், இன்னொன்று அந்தப் பின்னில். ஸ்டாப் பிட்டுக்கும் பின் உயர்வதற்கும் நடுவே உள்ள இடைவெளியின் சராசரியைப் பார்க்காதீர்கள், நீண்ட நேர ஓட்டத்தில் வந்த அதிகபட்சத்தைத் தேடுங்கள். கூடவே ஒரு டைமரை யுஏஆர்டிக்கு மேலான முன்னுரிமையில் வைத்து, ஒழுங்கில்லாத இடைவெளிகளில் 20, 40, 60 மைக்ரோ செகண்ட் என்று சிபியுவை வீணாகச் சுற்றவிடுங்கள். எந்த அளவில் பைட் உதிரத் தொடங்குகிறதோ, அதுதான் உங்களிடம் மிச்சமிருக்கும் நேரம்.

இனி, நான் முதலில் சந்தேகப்படும் இடம். இன்டர்னல் ஃப்ளாஷில் ஏதாவது எழுதுகிறீர்களா? லாக், அமைப்புகள், மீட்டர் அளவு, எதுவானாலும். எங்களிடம் வந்த ஒரு மீட்டரில் சிஆர்சி பிழைகளின் நேரத்தைக் குறித்துவைத்த ஜூனியர் பையன், "சார், எல்லாமே கால் மணிக்கு ஒருமுறைதான் வருது" என்றான். அந்த மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை லோட் ப்ரொஃபைலை (மின் பயன்பாட்டுப் பதிவை) ஃப்ளாஷில் எழுதும். எஸ்டிஎம்32எஃப்103-இல் ஒரு பக்கத்தை அழிக்க 20 முதல் 40 மில்லி செகண்ட் ஆகும். அதுவரை ஃப்ளாஷிலிருந்து அடுத்த கட்டளையைப் படிக்க முடியாமல் சிபியு அப்படியே நிற்கும். இன்டரப்டை யாரும் தடுக்கவில்லை, முன்னுரிமையும் சரிதான், ஆனால் ஐஎஸ்ஆரின் கோடும், ஐஎஸ்ஆர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வெக்டர் டேபிளும் ஃப்ளாஷில்தானே இருக்கின்றன? 115200 வேகத்தில் 40 மில்லி செகண்ட் என்றால் 460 பைட். எஃப்4-இன் 128 கிலோபைட் செக்டாரை அழிக்க ஒரு நொடிக்கு மேலேயும் ஆகலாம். அழிக்கும் ஃபங்ஷனுக்கும் ஒரு பின் கொடுத்து அனலைசரில் பார்த்தபோது, அந்தப் பின் உயர்ந்திருந்த நேரம் முழுக்க ஐஎஸ்ஆர் பின் ஒருமுறைகூட அசையவில்லை. அதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை.

தீர்வு, சர்க்குலர் டிஎம்ஏ: சிபியுவின் உதவியில்லாமல் டேட்டாவை நகர்த்தும் ஹார்ட்வேர், பஃபர் முடிந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பும். சிபியு நின்றாலும் டிஎம்ஏ பைட்டை ரேமில் போட்டுக்கொண்டே இருக்கும். பஃபர் அந்த 460 பைட்டுக்கு மேல் தாராளமாக இருக்க வேண்டும், 1024 வைக்கலாம். இல்லையென்றால் ஐஎஸ்ஆரையும் வெக்டர் டேபிளையும், அழித்து முடியும்வரை காத்திருக்கும் ஃபங்ஷனையும் ரேமுக்கு மாற்ற வேண்டும். எதைச் செய்தாலும், டெஸ்ட் ஃபர்ம்வேரில் பைட்டுகள் கொட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ட நேரத்தில் ஃப்ளாஷை அழிக்கும் ஒரு கமாண்ட் வையுங்கள்.

எதை அனுப்பிச் சோதிக்கிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. 0 முதல் 255 வரை ஏறும் கவுண்டரைப் பலரும் அனுப்புவார்கள். ஐஎஸ்ஆர் பைட்டுகளைப் போட்டுவைக்கும் ரிங் பஃபரும் (வட்டமாகச் சுற்றும் பஃபர்) 256 பைட் என்றால் ஆபத்து: ஒரு முழுச் சுற்று மேலெழுதப்பட்டு 256 பைட் போனாலும் அடுத்த எண் சரியாகவே பொருந்தும், டெஸ்டும் பாஸ் ஆகும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 32 பிட் வரிசை எண்ணும் சிஆர்சியும் வையுங்கள், நீளத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். டெஸ்ட் பில்டில் ரிங் பஃபரை 8 பைட்டாகச் சுருக்கிக் குறைந்த வேகத்தில் ஓட்டுவது எனக்குப் பிடித்த வழி. ஐஎஸ்ஆரும், பஃபரைப் படிக்கும் டாஸ்கும் ஒரே கவுன்ட் மாறியை ஏற்றி இறக்கும் தவறெல்லாம் அதில் சீக்கிரமே வெளியே வந்துவிடும். எழுதும் இடத்தைக் காட்டும் ஹெட்டை ஐஎஸ்ஆர் மட்டும், படிக்கும் இடத்தைக் காட்டும் டெயிலை டாஸ்க் மட்டும் மாற்ற வேண்டும்.

அனுப்புவதற்குப் பிசியை நம்பாதீர்கள். யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் பாக்கெட் பாக்கெட்டாக அனுப்பும், நடுவே இடைவெளி விழலாம். அந்த இடைவெளியில் உங்கள் போர்டு மூச்சு வாங்கிக்கொள்ளும். இந்தக் கன்வெர்ட்டர்களில் பரவலாக உள்ள எஃப்டிடிஐ சிப்பில் பிசி பக்கம் வரும் டேட்டாவுக்கு லேட்டன்சி டைமர் இயல்பாக 16 மில்லி செகண்ட். தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மோட்பஸ் ஆர்டியு நெறிமுறையில் 19200-க்கு மேல் ஃப்ரேம் இடைவெளியே 1.75 மில்லி செகண்ட்தான். அதைப் பிசியில் அளப்பதில் அர்த்தமில்லை. இன்னொரு போர்டிலிருந்து டிஎம்ஏ வழியாக இடைவெளியே இல்லாமல் அனுப்புங்கள்.

பிழைகளையும் வேண்டுமென்றே உண்டாக்குங்கள். ஓடும்போதே ஆர்எக்ஸ் வயரைப் பிடுங்குங்கள், வேறு பாட் ரேட்டில் அனுப்புங்கள், டீபக்கரில் நிறுத்தித் தொடருங்கள். எஃப்4-இல் ஓவர்ரன் கொடியை இறக்க ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, பிறகு டேட்டா ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும். செய்யாவிட்டால் இன்டரப்ட் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். சிப்பைத் தயாரிக்கும் எஸ்டி நிறுவனத்தின் ஹெச்ஏஎல் லைப்ரரி ஓவர்ரன் வந்ததும் ரிசீவை நிறுத்திவிட்டு எரர் கால்பேக்கை அழைக்கும். அங்கே மறுபடி ரிசீவைத் தொடங்காவிட்டால் போர்டு அதோடு செவிடு.

கிரிஸ்டல் இல்லாமல் உள் ஆஸிலேட்டரில் ஓட்டுகிறீர்களா? கத்திரி வெயிலில் தகர ஷெட்டுக்குள் இருக்கும் பேனல் பெட்டி ஏசி லேப் மாதிரி இருக்காது. ஹாட் ஏரை மிதமாக வைத்துச் சிப்பைச் சூடாக்கி, 0எக்ஸ்55 (0, 1 மாறி மாறி வரும் பைட்) அனுப்பி, பிட் அகலத்தை அனலைசரில் அளந்து பாருங்கள். 2 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் கிரிஸ்டல் போடுங்கள்.

ஒரே வயர் ஜோடியில் பல கருவிகள் மாறி மாறிப் பேசும் ஆர்எஸ்485 என்றால் அனுப்பும் பக்கமும் ஒன்று உண்டு. டேட்டா ரெஜிஸ்டர் காலி என்ற இன்டரப்டில் லைனை ஓட்டும் டிரைவர் சிப்பை அணைத்தால் கடைசி பைட் பாதியில் வெட்டுப்படும். டிரான்ஸ்மிஷன் கம்ப்ளீட் வரும்வரை பொறுக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், இன்றைக்கே ஃபர்ம்வேரில் நான்கு கவுண்டர் சேருங்கள்: ஓவர்ரன், ஃப்ரேமிங் எரர் (ஸ்டாப் பிட் உரிய இடத்தில் வராதது), ரிங் பஃபர் நிரம்பியது, சிஆர்சி தவறு. ஒரு கமாண்டில் படிக்கும்படி வைத்து சைட்டுக்கு அனுப்புங்கள். ஓவர்ரன் ஏறினால் ஃப்ளாஷையும், இன்டரப்டைத் தடுத்துவைக்கும் நீளமான கிரிட்டிகல் செக்ஷனையும் பாருங்கள். பஃபர் நிரம்பினால் படிக்கும் டாஸ்கின் முன்னுரிமையை. ஃப்ரேமிங் ஏறினால் கிளாக், கேபிள், கிரவுண்ட். மூன்றும் பூஜ்யமாக இருந்து சிஆர்சி மட்டும் தவறினால் ரிங் பஃபர் கோடைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எண்கள் வந்ததும் இங்கேயே பின்னூட்டத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.