குளிரை நம்பிக் காத்திருக்க வேண்டாம்: கரப்பான் பூச்சி பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

நீலகிரி மாவட்டத்திலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல, வீட்டுக் கரப்பான் பூச்சித் தொல்லையைப் பற்றியே இருந்தன. எனவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: திருப்பூரிலிருந்து மாற்றலாகி வந்து, குன்னூரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். இந்தக் குளிரில் கரப்பான் பூச்சி இராது என்றே எண்ணியிருந்தேன். ஆனால் இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை விளக்கைப் போட்டால், பிரிட்ஜின் பின்புறத்திலிருந்து சிறிய பழுப்பு நிறப் பூச்சிகள் சிதறி ஓடுகின்றன. கடையில் வாங்கிய ஸ்பிரேயை அடித்தால் இரண்டு மூன்று நாட்கள் காணவில்லை. பிறகு படுக்கையறை அலமாரியிலும் தென்படுகின்றன. என்ன செய்யலாம்? (வாசகி, குன்னூர்)

பதில்: தங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களைப் பார்த்தால், இது ஜெர்மன் கரப்பான் என்று அழைக்கப்படும் சிறிய வகை. ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் வளராது. தலைக்குப் பின்னால் உள்ள தகட்டில் இரண்டு கருங்கோடுகள் இணையாக ஓடும். அந்தக் கோடுகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். லின்னேயஸ் 1767-இல் இதற்குப் பெயர் சூட்டியபோது ஜெர்மனியோடு இணைத்துவிட்டாரே தவிர, இதன் பூர்விகம் அந்த நாடு அன்று. ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர்ப் பகுதியில் வாழ்ந்த ஆசியக் கரப்பானிலிருந்து இது பிரிந்தது என்று 2024-இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. காட்டிலோ வயலிலோ இது தனித்து வாழ்வதில்லை. மனிதன் வசிக்கும் கட்டடமே இதன் ஒரே வாழிடம். ஆகவே வெளியே புல்லில் உறைபனி படிந்திருக்கிறதா என்பது இந்தப் பூச்சிக்குப் பொருட்டில்லை. நாம் வீட்டுக்குள் எந்த இடத்தைச் சூடாக வைத்திருக்கிறோம் என்பதே அதற்குப் பொருட்டு.

மலை வீடுகளில் அத்தகைய இடங்கள் சிலவே. ஆனால் அவை எப்போதும் சூடாகவே இருக்கின்றன. பிரிட்ஜின் கம்ப்ரசர், கீசரின் மேல்மூடி, இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், மிக்சியின் அடிப்பகுதி, கேஸ் அடுப்பின் கீழ்த்தட்டு, விறகடுப்பை ஒட்டிய சுவரின் வெடிப்பு ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். முப்பது டிகிரி வெப்பத்தில் இந்தப் பூச்சி முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். வெப்பம் குறையக் குறைய இந்தக் காலம் நீளும். பதினைந்து டிகிரியை நெருங்கும்போது வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். நின்றுவிடுமே தவிர, பூச்சி செத்துவிடாது. பனிக்காலத்தில் கண்ணில் படவில்லை என்பதற்காக ஒழிந்துவிட்டது என்று கருதுவதும், மார்ச் மாதத்தில் மீண்டும் கண்டவுடன் புதிதாக எங்கிருந்தோ வந்துவிட்டது என்று திகைப்பதும் மலையில் ஆண்டுதோறும் நடப்பவை. உண்மையில் அவை அத்தனை நாளும் கம்ப்ரசரின் வெதுவெதுப்பிலேயே இருந்தன.

ஸ்பிரே ஏன் பயன்படவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அதில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்து நேரடியாகப் பட்ட பூச்சியைக் கொல்லும். படாதவற்றையோ விரட்டி, வீட்டின் மற்ற மூலைகளுக்குத் துரத்தும். தங்கள் படுக்கையறை அலமாரிக்கு அவை சென்றது இப்படித்தான் என்று நினைக்கிறேன். மேலும், பல தலைமுறைகளாக அந்த மருந்துகளுக்கு ஆட்பட்டுத் தப்பிய ஜெர்மன் கரப்பான்களில் மருந்தைத் தாங்கும் ஆற்றல் வளர்ந்துவிட்டது. பெண் கரப்பான் முப்பது முதல் நாற்பது முட்டைகள் கொண்ட பையைக் குஞ்சு பொரியும் தறுவாய் வரை தன் உடலின் பின்புறத்திலேயே சுமந்து திரியும். அத்தகைய ஒன்று இடுக்குக்குள் பதுங்கித் தப்பினாலும் கூட்டம் மறுபடி உருவாகிவிடும்.

ஆகவே ஸ்பிரேயை முற்றிலும் நிறுத்திவிட்டு, ஜெல் மருந்துக்கு மாறுங்கள். ஊசிக்குழல் போன்ற குழாயில் விற்கப்படும் இந்த ஜெல்லில், பூச்சிக்குப் பிடித்த உணவோடு பிப்ரோனில் 0.05 சதவீதமோ இமிடாகுளோப்ரிட் 2.15 சதவீதமோ கலந்திருக்கும். இது தின்ற உடனே கொல்லுவதில்லை என்பதே இதன் சிறப்பு. தின்ற பூச்சி மறைவிடத்துக்குத் திரும்பிப் போய் இறக்கிறது. அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் இறக்கின்றன. வெளியே வராமலேயே இருக்கும் குஞ்சுகளை அடைய இதைவிட நல்ல வழி வீட்டு உபயோகத்தில் இல்லை.

வைக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். முதல் நாள் இரவு, விளக்கைப் போடாமல் டார்ச்சுடன் போய், அவை எந்த இடுக்கிலிருந்து வருகின்றன என்று பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போன்ற எச்சம் எங்கே திரண்டிருக்கிறதோ அதுவே மறைவிடம். அந்த எச்சத்தின் வாசனை மற்ற பூச்சிகளையும் அங்கே ஈர்ப்பதால், மறுநாள் சோப்பு நீரில் நனைத்த துணியால் அந்த இடத்தை நன்கு துடைத்து உலரவிடுங்கள். பிரிட்ஜின் மின் இணைப்பைக் கழற்றிய பிறகே அதன் பின்புறத்தில் கைவைக்க வேண்டும். பிறகு கொத்தமல்லி விதையளவுச் சொட்டுகளாக, ஒவ்வோர் இடுக்கின் ஓரத்திலும், அலமாரிக் கீல்களின் அருகிலும், சிங்க்கின் அடியிலும் ஜெல்லை வையுங்கள். ஓரிடத்தில் பெரிய உருண்டையாக வைப்பதைவிடப் பல இடங்களில் சிறு சொட்டுகளாக வைப்பதே பலன் தரும். ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் கனமுள்ள பிளவே குஞ்சுக்குப் போதும் என்பதால், இடுக்குகளைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஜெல் வைத்த இடத்தில் பினாயில் ஊற்றுவதும் ஸ்பிரே அடிப்பதும் கூடாது. அந்த வாடையில் பூச்சி ஜெல்லை அண்டாது.

மலையில் இருப்பவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது காலத்தைப் பற்றியது. சமவெளியில் சில வாரங்களில் தெரியும் பலன் இங்கே தாமதமாகத்தான் தெரியும். ஏனெனில் குளிரில் முட்டைகள் மெதுவாகப் பொரிகின்றன, பூச்சிகளும் குறைவாகவே நடமாடித் தின்கின்றன. முதல் மாதத்திலேயே சலித்து விட்டுவிடாமல், காய்ந்துபோன சொட்டுகளைச் சுரண்டிவிட்டுப் புதியவை வைத்து, குறைந்தது மூன்று மாதங்களாவது தொடர வேண்டும். ஜெல்லைத் தொடாமலேயே பூச்சிகள் திரிந்தால் வேறு நிறுவனத்தின் ஜெல்லுக்கு மாறுங்கள்; குளுக்கோஸ் கலந்த இரையையே வெறுத்து ஒதுக்கும் ஜெர்மன் கரப்பான்கள் உருவாகியிருப்பதை 1993-இலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

உணவின்றி ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும் இந்தப் பூச்சி, நீரின்றி இரண்டு வாரங்களைத் தாண்டுவது கடினம். மழைக்காலத்தில் நம் சுவர்களே வியர்க்கும் என்பதால் இங்கே நீரை முற்றிலும் மறுக்க முடியாது. ஆயினும் சொட்டும் குழாயைச் சரிசெய்வதும், பிரிட்ஜின் அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுவதும், இரவில் சிங்க்கைத் துடைத்து உலரவைப்பதும் பூச்சியை ஜெல்லின் பக்கம் திருப்ப உதவும். மளிகைச் சாமான் வந்த அட்டைப்பெட்டிகளைப் பரணில் சேர்த்து வைக்காதீர்கள். அவற்றின் மடிப்புகளில் முட்டைப்பையோடு வந்து இறங்குவது இந்த வகைக்கு வழக்கம். பொதுச் சுவர் கொண்ட வரிசை வீடாக இருந்தால், பக்கத்து வீட்டாரிடமும் பேசி ஒரே வாரத்தில் இரு வீடுகளிலும் மருந்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் நீலகிரித் தைலத்துக்குப் பஞ்சமில்லை. அதைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் கரப்பான் ஒழியும் என்கிறார்கள். பிரியாணி இலை, அந்துருண்டை, போரிக் பவுடர் ஆகியவையும் பயன்படுமா? (வாசகர், உதகை)

பதில்: தைலத்தின் வாடை கரப்பானைச் சற்று நேரம் விலக்கி வைக்கும், வாடை போனதும் அது திரும்பிவிடும். பிரியாணி இலையும் அவ்வாறே. விலக்குவது வேறு, ஒழிப்பது வேறு. தைலத்தை விழுங்கிய சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரை ஏற்படக்கூடும் என்பதால், தெளிப்பதற்காகக் கலந்த பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. அந்துருண்டை துணிப்பெட்டிக்கு உரியது. சமையலறையில் அதற்கு இடமில்லை. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

தாங்கள் குறிப்பிட்டவற்றுள் போரிக் பவுடர் மட்டுமே உண்மையான மருந்து. கேரம் பலகையில் தூவுகிறோமே, பெரும்பாலும் அதுவேதான். பூச்சியின் கால்களில் ஒட்டி, அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது வயிற்றுக்குள் சென்று மெல்லக் கொல்லும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலமாகத் தூவினால்தான் பூச்சி அதன்மேல் நடக்கும். குவியலாகக் கொட்டினால் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆனால் தென்மேற்குப் பருவமழையில், மூடுபனி வீட்டுக்குள் நுழையும் உதகையில், இந்தப் பவுடர் ஈரம் கோத்துக் கட்டிபட்டுப் பயனற்றுப் போகிறது. ஆகவே பிரிட்ஜின் பின்புறம், சுவிட்ச் போர்டுக்கு அடியிலுள்ள மரச்சட்டத்தின் இடுக்கு போன்ற உலர்ந்த இடங்களில் மட்டும், அதுவும் டிசம்பர் முதல் மே வரையிலான காலத்தில் பயன்படுத்துங்கள். தவழும் குழந்தையோ நாய், பூனையோ உள்ள வீட்டில் தரையோரங்களில் தூவ வேண்டாம்.

கேள்வி: தேயிலைக்கும் கேரட்டுக்கும் அடித்தது போக மீந்த மருந்தை நீர்த்துச் சமையலறையில் தெளிப்பது எங்கள் பகுதியில் வழக்கம். அதில் தவறு உண்டா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: பெருந்தவறு; தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். தோட்டத்துக்கான மருந்து, திறந்த வெளியில் காற்றும் வெயிலும் பட்டுச் சிதையும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. குளிருக்காகச் சன்னல்களை அடைத்து வைக்கும் நம் வீடுகளில் அது நாட்கணக்கில் சுவரிலும் பாத்திரத்திலும் தங்கிவிடும். எந்த மருந்தை எங்கே பயன்படுத்தலாம் என்பது 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி அதன் லேபிளில் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டு உபயோகத்துக்கு என்று அதில் இல்லாத எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முன்பு பல வீடுகளில் புழங்கிய டைக்குளோர்வாஸ், 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் முற்றிலும் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய பாட்டில் எங்கேனும் இருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். தெளித்த வீட்டில் யாருக்கேனும் வாயில் நீர் ஊறி, வாந்தி எடுத்து, கண்மணி சுருங்கி, மூச்சு திணறினால், அவரைக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழைத்து, மருந்துப் பாட்டிலையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இதனோடு இன்னொன்று. கரியடுப்புக் கணப்பு எரியும் அறையில் கடை ஸ்பிரேயையும் அடிக்காதீர்கள். அந்த டப்பாக்கள் பலவற்றில் மருந்தைத் தள்ளுவதற்கு எரிவாயுவே அடைக்கப்பட்டிருக்கிறது. தணல் அதைப் பற்றிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் குளியலறைச் சாக்கடைத் துளை வழியாக விரல் நீளமுள்ள செம்பழுப்புக் கரப்பான்கள் மழைக்காலத்தில் ஏறி வருகின்றன. ஜெல் வைத்தும் குறையவில்லை. (வாசகி, கூடலூர்)

பதில்: இது வேறு இனம், அமெரிக்கக் கரப்பான் என்பார்கள். நான்கு சென்டிமீட்டர் வரை வளரும். உதகையைவிடத் தாழ்வான, வெதுவெதுப்பான கூடலூர் இதற்கு ஏற்ற இடம். இதன் குடியிருப்பு தங்கள் வீடு அன்று, சாக்கடையும் செப்டிக் டேங்கும்தான். ஜூன், ஜூலை மழையில் அங்கே நீர் நிறைந்ததும் மேலே ஏறி வருகிறது. ஆகவே இங்கே முதல் வேலை மருந்தன்று, அடைப்பு. துளைகளுக்கு நுண்ணிய கண்களுள்ள எஃகு வலைமூடி போடுங்கள். நீர்த்தடை உள்ள வடிகால் கிண்ணம் பொருத்தினால் இன்னும் நல்லது. அதிகம் புழங்காத குளியலறையில் அந்தக் கிண்ணத்தின் நீர் வற்றிவிடும் என்பதால், வாரம் ஒருமுறை ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். செப்டிக் டேங்க் மூடியின் விளிம்பைச் சிமெண்டால் பூசி அடைத்து, அதன் காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள். பூச்சி வரும் வழி அடைபட்ட பிறகு, உள்ளே தங்கிவிட்டவற்றுக்கு ஜெல் போதும்.

கேள்வி: என் ஏழு வயது மகனுக்கு அடிக்கடி இளைப்பு வருகிறது. வீட்டில் கரப்பான் பூச்சி இருப்பது அதற்குக் காரணமாகுமா? (தாயார் ஒருவர், அரவங்காடு)

பதில்: ஆகக்கூடும் அம்மா. கரப்பானின் எச்சம், எச்சில், உரித்த தோல் ஆகியவற்றில் உள்ள புரதங்கள் தூசியோடு கலந்து ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. அமெரிக்க நகரக் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கரப்பான் ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறைத் தூசியில் கரப்பான் புரதத்தின் அளவும் மிகுந்திருந்த குழந்தைகளே மற்றவர்களைவிட அதிகமாக ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர நேர்ந்தது தெரியவந்தது. சன்னல்கள் மூடியே கிடக்கும் மலை வீட்டில் தூசி வெளியேற வழி குறைவு என்பதால் தாங்கள் கூடுதல் கவனம் எடுப்பது நியாயமே.

பையனின் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் வீட்டில் கரப்பான் இருப்பதையும் சொல்லுங்கள். ஸ்பிரே, புகை, சாம்பிராணி எதுவும் வேண்டாம். முதல் பதிலில் சொன்ன ஜெல் முறையை மட்டும் பின்பற்றுங்கள். பூச்சிகள் செத்த பிறகும் அந்தப் புரதங்கள் மாதக்கணக்கில் தூசியில் தங்கும். எனவே துடைப்பத்தால் பெருக்கித் தூசியைக் கிளப்பாமல், ஈரத்துணியால் துடையுங்கள். அவன் கம்பளியையும் தலையணை உறையையும் வெந்நீரில் துவைத்து, வெயில் அடிக்கும் நாளில் தவறாமல் காயவையுங்கள். கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியும் பழைய செய்தித்தாளும் இருந்தால் அவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: விறகுக் கொட்டகையில் மெலிந்த, வெளிர்நிறக் கரப்பான்கள் நிறைய இருக்கின்றன. விறகோடு வீட்டுக்குள் வந்து பெருகிவிடுமா? (வாசகர், கேத்தி)

பதில்: தலையின் பின்புறத்தில் இரண்டு கருங்கோடுகள் இல்லையென்றால், அவை பெரும்பாலும் சருகிலும் மட்கிய மரத்திலும் வாழும் காட்டுக் கரப்பான்களாகவே இருக்கும். அவை வீட்டின் உலர்ந்த காற்றில் நிலைப்பதில்லை, மருந்தும் தேவையில்லை. அன்றைக்கு எரிக்க வேண்டிய விறகை மட்டும் தட்டி உள்ளே எடுத்து வாருங்கள். கொட்டகை அடுக்கைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கல்லின்மேல் உயர்த்தி அடுக்குங்கள்.