இருபது வீடு கட்டினால் ஊர் நிரம்புமா?

கேள்வி: காட்டுமன்னார்கோயில் வட்டத்தில், வீராணம் ஏரிக்குக் கிழக்கே உள்ள சிற்றூர் எங்களுடையது. ஊர்ப்பெயர் வேண்டாம். மூன்று தெருக்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தொடக்கப் பள்ளியில் பதினேழு பிள்ளைகள்தான். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து பணம் போடத் தயாராக இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே இரண்டரை ஏக்கர் நஞ்சை மலிவாக வருகிறது. அதில் இருபது வீடு கட்டிக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் போன குடும்பங்கள் திரும்புமா? ஒரு வீட்டை எவ்வளவில் முடிக்கலாம்?
– முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர்

பதில்: திரும்ப மாட்டார்கள். மகளைத் திருப்பூரில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டவர், ஊரில் வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறப் போவதில்லை. வீட்டை வேண்டுமானால் வாங்குவார். பொங்கலுக்கு நான்கு நாள் தங்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார். உங்கள் ஊரின் பூட்டு எண்ணிக்கையில் இருபது கூடும். இதே மாவட்டத்தில், ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளி முப்பது வீட்டுக்கு நானே ஒருமுறை வரைபடம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பதினோரு வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. மற்றவற்றின் திண்ணையில் ஆடு படுத்திருந்தது. அதற்குப் பிறகு மனையைப் பார்க்கும் முன் ஆளைக் கேட்கிறேன்.

ஆகவே, 'போனவர்களை எப்படி வரவழைப்பது' என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அடுத்து கிளம்பப் போகிறவர் யார்? ஒரே கூரையின் கீழ் இரண்டு உலை வைக்கும் வீடுகளைக் கணக்கெடுங்கள். அண்ணன் குடும்பம் உள்ளறையில், தம்பியும் புது மனைவியும் தாழ்வாரத்தில் தார்ப்பாய் மறைப்புக்குள். தம்பிக்குச் சிதம்பரத்திலோ சேத்தியாத்தோப்பிலோ வேலை இருக்கும், தினமும் போய்வரவும் முடியும். ஆனாலும் குழந்தை பிறந்த ஆறாம் மாதம் டவுனில் வாடகைக்குப் போய்விடுவார். அப்படிப்பட்ட ஐந்தாறு குடும்பங்கள் எந்த ஊரிலும் இருக்கும். உங்கள் முதல் ஐந்தாறு வீடுகள் அவர்களுக்குத்தான்.

இன்னொரு கூட்டத்தை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. கிராம சுகாதார செவிலியர், பள்ளி ஆசிரியை, கூட்டுறவுச் சங்கச் செயலர் ஆகியோர் தினமும் சிதம்பரத்திலிருந்து வந்து மாலை பஸ்ஸில் திரும்புகிறார்கள். உங்கள் ஊரில் தங்க நினைத்தாலும் முடியாது, ஏனென்றால் நம் சிற்றூர்களில் வாடகை வீடு என்ற ஒன்றே கிடையாது. சொந்த வீடு இருக்கும், பூட்டிய வீடு இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. நான்கு வாடகை வீடுகள் கட்டினாலே ஊருக்குப் புது முகங்கள் வரும். விற்பதற்கு இருபது என்பதைவிட வாடகைக்கு நான்கு என்பதையே நான் முதலில் வைப்பேன்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மெயின் ரோட்டில் நின்று, தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் ஏறும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளை எண்ணுங்கள். பதினேழுக்குக் குறைவாக இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பிறப்பே குறைந்திருக்கிறது, பிறந்ததில் பாதி வேனில் போகிறது. வீடு கட்டி இதைச் சரிசெய்ய முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரும் ஊரிலேயே தங்க இடம் இருந்தால் வேனில் ஏறும் எண்ணிக்கை கொஞ்சம் குறையலாம். அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது நிலம். மலிவாக வருகிறது என்கிறீர்களே, ஏன் மலிவு? ஊரில் யாராவது ஒரு வீட்டுச் சுவரில் 2015 வெள்ளத்தின் தண்ணீர்க் கறை இன்னும் இருக்கும். இல்லாவிட்டாலும் எது வரை வந்தது என்று பாட்டிகள் கையை வைத்துக் காட்டுவார்கள். அந்த மட்டத்தை ஒரு டியூப்பில் தண்ணீர் ஊற்றி நஞ்சை வரப்புவரை கொண்டுபோய்ப் பாருங்கள். மூன்றடி தாழ்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மூன்றடி உயர்த்த 1,30,680 கன அடி மண் வேண்டும். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் நானூற்று முப்பத்தாறு நடை, அதுவும் ஒரு ஏக்கருக்கு மட்டும், இறுகி அமர்வதற்கு முன்பு. நிலத்தில் மிச்சம் பிடித்த பணம் மண்ணிலேயே போய்விடும்.

சட்டச் சிக்கல் வேறு. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்க முடியாது. நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இல்லாமல் மனைகளாகப் பிரித்தால் சார்பதிவாளர் பதிவு செய்ய மாட்டார். பணம் வரும் வழியிலும் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட உங்கள் ஊர்க்காரரோ, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிச் சம்பந்தியோ அனுப்பும் ஒரு ரூபாய்கூட வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, நீங்கள் அமைக்கும் அறக்கட்டளைக்கு அதற்கான பதிவு இல்லாமல் அதைத் தொடக் கூடாது. பாசம் உள்ளவர்களாயிற்றே என்று வாங்கிப் போட்டுவிட்டுப் பின்னால் அலைந்தவர்கள் உண்டு.

அப்படியானால் எங்கே கட்டுவது? ஊர் நத்தத்துக்குள்ளேயே. பூட்டிய வீடுகளின் மனைகளில். முன்னோர் மேடு பார்த்துத்தான் நத்தம் அமைத்தார்கள், வெள்ளம் கடைசியாகத் தொடும் இடம் அது. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், மளிகைக் கடை எல்லாம் அருகிலேயே இருக்கும். தடை ஒன்றே ஒன்றுதான், கூட்டுப் பட்டா. தாத்தா பெயரில் பட்டா, ஏழு வாரிசுகள், அதில் இருவர் பேசிக்கொள்வதே இல்லை. இதைப் பிரித்து உட்பிரிவு செய்து வாங்குவது பொறியாளர் வேலையல்ல. ஊர்ப் பெரியவர் ஒருவரும் பொறுமையான பத்திர எழுத்தர் ஒருவரும் ஆறு மாதம் உட்கார வேண்டும். உங்கள் நிதியின் முதல் செலவு இதுவாகட்டும். விற்க மனமில்லாத வாரிசுகளிடம் வீட்டைப் பழுதுபார்த்து வாடகைக்கு விடும் உரிமையை மட்டும் பத்து வருடத்துக்குக் குத்தகையாகக் கேளுங்கள். பதிவு செய்த பத்திரமாக இருக்கட்டும். வெள்ளைத் தாள் வேண்டாம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கீயா என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் 2002இல் அறக்கட்டளை அமைத்துத் தீவையே விலைக்கு வாங்கினார்கள். வாங்கியதும் பழைய வாடகை வீடுகளைப் பழுதுபார்த்தார்கள், புதிதாகவும் சில கட்டினார்கள். காற்றாலை நிறுவி வருமானத்துக்கும் வழி செய்தார்கள். 2001இல் 110 பேர், 2011இல் 163 பேர். நிலம் அறக்கட்டளையிடமே இருந்ததால், கட்டிய வீடு விடுமுறை வீடாகக் கைமாறிப் போகாமல் காக்க முடிந்தது. நமக்கு வேண்டிய பாடம் அந்தக் கடைசிச் செய்திதான். விற்றுவிட்டால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

கட்டும் செலவு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம். 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் தளம். மத்திய ஊரக வீட்டுத் திட்டத்தில் அலகுத் தொகை 1.20 லட்சம், கான்கிரீட் தளத்துக்கு மாநில அரசு தனியே சேர்த்துத் தருகிறது. இரண்டுமே தகுதியுள்ள தனிக் குடும்பத்துக்குத்தான், சொந்த மனையில் கட்ட. அறக்கட்டளைக்குக் கிடைக்காது. குடிசையில் இருப்பவர்களுக்குப் பட்டா வாங்கிக் கொடுத்துத் திட்டத்தில் சேர்த்துவிட்டு, மூன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் பகுதியை உங்கள் நிதி தரட்டும். அந்தத் தொகைக்குள்ளேயே முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தாலி அடகுக்குப் போவது அந்தக் கடைசி ஒரு லட்சத்துக்குத்தான்.

உங்கள் பக்கத்து மண் களிமண். கோடையில் வயலில் விழும் வெடிப்பில் என் முழங்கை வரை உள்ளே போயிருக்கிறது. மழையில் அதே மண் உப்பி வீட்டைத் தூக்கும். சாதாரணமாக மூன்றடிக் கடைக்கால் போட்டால் இரண்டாம் வருடமே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். இங்கே அண்டர் ரீம்டு பைல் போடுங்கள். துளையிட்டு இறக்கும் கான்கிரீட் தூண், அடியில் குடம்போல் விரியும். ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் போன்ற மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை. தூண்களின் தலையை இணைத்து பீம், அதன் மேல் சுவர். செலவு கூடுகிறதே என்று கடைக்காலில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மிச்சம் பிடிக்கும் இடம் சுவர். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் பொந்து விடுவார்கள். செங்கல் கால் பங்கு மிச்சமாகும், வெயிலும் உள்ளே இறங்காது. ஆனால் வெள்ளம் தொடும் உயரம்வரை பொந்து கூடாது, அதுவரை கெட்டிச் சுவர். நெய்வேலி அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த கற்கள் உங்களுக்குப் பக்கம்தான். ஆரோவில் மண் கல்லைப் பார்த்துவிட்டு அதைக் கேட்பவர்கள் நிறையப் பேர். அது அங்கத்திய செம்மண்ணுக்குப் பொருந்துகிறது. உங்கள் களிமண்ணில் ஐந்து சதவீத சிமென்ட் கலந்து அப்படிச் செய்ய முயன்றால் கல் காய்ந்ததும் வெடிக்கும்.

எழுதாமல் விட முடியாத ஒன்று. மூன்று தெருக்கள் என்கிறீர்கள், காலனியைச் சேர்த்தா, சேர்க்காமலா? தமிழ்நாட்டில் சமத்துவபுரங்கள் 1997இலிருந்து கட்டப்பட்டன. நூறு வீட்டில் நாற்பது ஆதிதிராவிடருக்கு என்று ஒதுக்கிக் கலந்து குடியமர்த்தினார்கள். உங்கள் திட்டத்தில் அந்த விதி எழுத்தில் இல்லையென்றால், வாடகைக்கு வரும் செவிலியரிடம் 'நீங்கள் என்ன ஆட்கள்' என்று கேட்கத்தான் செய்வார்கள், அடுத்த மாதம் அவர் கிளம்பிவிடுவார். அறக்கட்டளைப் பத்திரத்திலேயே அதை எழுதிவிட்டுப் பணம் திரட்டுங்கள். அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்குகிறவர்கள் இப்போதே பின்வாங்கட்டும்.

வரும் மே மாதம், ஒரு மனையில் ஐந்தடிக் குழி தோண்டி உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். இரட்டை உலைக் குடும்பங்களின் பட்டியலையும் பட்டா நகல்களையும் கூடவே வையுங்கள். பைல் எத்தனை, எவ்வளவு ஆழம் என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.