கடல்மட்டம் உயர்ந்தால் எண்ணூர், காசிமேடு பக்கம் வீட்டை எப்படிக் கட்டுவது?

வெள்ளம் தாங்கும் வீடு என்றால், தண்ணீர் வந்து போனபின் சீக்கிரம் பழையபடி குடியிருக்கக்கூடிய வீடு.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இதில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் வடசென்னை தாழ்வான சமவெளி. மழைநீர் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகவேண்டும். நிரம்பிய வாளிக்குள் டியூபின் முனையை முக்கி வைத்தால் தண்ணீர் எப்படி மெதுவாக இறங்குமோ, கடல் ஏறி நிற்கும்போது வடிகாலும் அப்படித்தான்.

அதனால் வீட்டைத் தூண்கள்மேல் எழுப்புவது நல்லது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடப்பதுபோல, கால் மட்டும்தான் நனையும். ஸ்விட்ச் போர்டு, மோட்டார் எல்லாம் மேலே இருக்கட்டும். கழிவுநீர்க் குழாயில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு அவசியம்.

நம் பக்கம் பெரிய எதிரி உப்பு. அது கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம், அதாவது கவர், கடலோரத்தில் பொதுவாக 45 மில்லிமீட்டர் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. தயவுசெய்து அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் கட்டைகளில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்! கலவைக்கு உவர்நீரும் வேண்டாம்.

அப்புறம், சொட்டுத் தண்ணீர்கூட நுழையாமல் அடைப்பதே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே மட்டும் தண்ணீர் உயர்ந்து நின்றால் அந்த அழுத்தத்திலேயே சுவர் சாயலாம், ஆகவே தூண்களுக்கு நடுவே தண்ணீர் வந்து போக வழி விடவேண்டும்.