'மிசரி' படத்தில் ஒரு ரசிகை நம்மை இவ்வளவு பயமுறுத்துவது எப்படி?

பேய் இல்லை, பாதிப் படம் ஒரே அறைக்குள் நடக்கிறது, பிறகு ஏன் இந்த நடுக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். (கதையின் முக்கியமான இடங்களைச் சொல்லப்போகிறேன்.)

ராப் ரைனர் 1990இல் இயக்கிய இந்தப் படத்தில் அந்த ரசிகை ஆனி வில்லியாக அறிமுகமாவதில்லை. பனிப்புயலில் கார் கவிழ்ந்து கிடக்கும் எழுத்தாளர் பால் ஷெல்டனைத் தூக்கிவந்து, உடைந்த கால்களுக்குக் கட்டுப்போட்டு, வலி மாத்திரை கொடுப்பவள் அவள்தான். முன்னாள் நர்ஸ் வேறு. அதனால் அவள் கோபித்தால் மருந்தும் சோறும் நின்றுவிடும். தனக்குப் பிடித்த கதாநாயகி நாவலில் செத்துப்போனதைப் படித்ததும் அவள் வெடிக்கிறாள். பாலை விட அவர் எழுதிய கதைமேல்தான் அவளுக்கு உரிமை அதிகம்.

சஸ்பென்ஸுக்கு ஒரு பீங்கான் பென்குவின் போதும். அது எப்போதும் தெற்குப் பார்த்தே இருக்கும். ஆனி தன்னை அடைத்து வைத்திருக்கும் அறையிலிருந்து திருட்டுத்தனமாக வெளியே வந்த பால், அதைத் தட்டிவிட்டுத் திசை மாற்றி வைத்துவிடுகிறார். அவருக்குத் தெரியாத அந்தத் தவறு நமக்குத் தெரியும். அவள் எப்போது கவனிப்பாள் என்று காத்திருப்பதே வேதனை.

ஆனி பாலின் காலை முடமாக்கும் காட்சி, படத்துக்கு மூலமான ஸ்டீபன் கிங்கின் நாவலில் வேறு: அங்கே கோடரியால் பாதத்தை வெட்டுவாள். படத்தில் கணுக்கால்களுக்கு நடுவே கட்டையை வைத்து சம்மட்டியால் அடிக்கிறாள். ரத்தம் குறைவு, ஆனால் எலும்பு மடங்குவது கண்ணை விட்டுப் போகாது. அதைச் செய்யும்போதும் ஆனியாக நடித்த கேத்தி பேட்ஸின் குரலில் ஒரு தாயின் கனிவு இருக்கிறது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் அவருக்கு முழுத் தகுதியோடு கிடைத்தது.